நான்கு விரல்

சாஃப்ட்பாலில் பந்து வீசுகிறவளுக்கு ஓர் உரிமை உண்டு. கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த நம்மவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும். மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால், முகத்தில் கம்பிக்கூண்டு மாட்டிக்கொண்டு குந்தியிருப்பவள் கேட்சர். அவள் தொடைகளுக்கு நடுவே விரலைக் காட்டி, இந்த மாதிரி பந்து போடு என்று கேட்பாள். ஒரு விரல் என்றால் வேகப்பந்து. இரண்டு என்றால் கடைசியில் இறங்குவது. மூன்று மெதுவானது. நான்கு என்றால் கிட்டே வரும்போது மேலே ஏறுகிற பந்து. அதற்கு ‘ரைஸ்’ என்று பெயர். கேட்டது பிடிக்கவில்லையென்றால் வீசுகிறவள் தலையை இப்படியும் அப்படியும் ஒருமுறை ஆட்டினால் போதும். கேட்சர் வேறு விரலைக் காட்டுவாள். இதற்காக யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை.

நான் ஏழு வருடம் கேட்சராக இருந்தேன். அதில் நான்கு வருடம் ஒரே ஒருத்தியின் பந்துக்கு. அந்த நான்கு வருடத்தில் அவள் ஒருமுறைகூடத் தலையை ஆட்டி மறுத்ததில்லை.

எங்கள் கோச் ஒரு சீனர், உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். அவருக்கு இது பொறுக்கவே பொறுக்காது. “யூ டோன்ட் லைக், யூ ஷேக் யுவர் ஹெட் லா! யூ ஆர் தி பாஸ்!” என்று மைதானத்தின் ஓரத்திலிருந்து கத்துவார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பிறகு என் பக்கம் திரும்பி, அவருக்குப் புரியாத தமிழில் சொல்வாள்.

“அவருக்கென்ன, சொல்லிருவாரு. அக்கா கேட்டா எப்படிக்கா முடியாதுன்னு தலையாட்டுறது?”

நான் அவளைவிட ஐந்து வயது மூத்தவள். ஆட்ட விதிமுறைப் புத்தகத்தில் அக்காவைப் பற்றி எதுவும் எழுதவில்லை. ஆனால் அவளைப் பொறுத்தவரை அதுதான் முதல் விதி.

‘சரிக்கா’ என்பது அவள் வாயில் நிரந்தரமாகக் குடியிருந்த சொல். ஆணென்றால் ‘சரிண்ணே’, பெரியவர்களென்றால் ‘சரி அங்கிள்’. சிங்கப்பூரின் வடக்கே செம்பவாங்கில் அவர்கள் வீட்டுச் சமையலறை முழுக்கப் பிளாஸ்டிக் டப்பாக்கள் அடுக்கியிருக்கும். டப்பா விற்கிற தோழிகள் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் அவளிடம்தான் முதலில் வருவார்கள். மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு வாசகம் வாசிக்க ஆள் வரவில்லையா, கூப்பிடு அவளை. பாடகர் குழுவில் குரல் குறைகிறதா, பீடத்துக்குப் பூ கட்ட வேண்டுமா, அவள்தான். கப்பல் பட்டறையில் வேலை செய்த அவளுடைய அப்பா அதிகம் பேசாதவர். அம்மா அவருக்கும் சேர்த்துப் பேசுவார்.

“ஆண்டவரு இவளப் படைக்கறப்போ ‘இல்ல’ங்கற சொல்ல மட்டும் உள்ள வைக்க மறந்துட்டாரும்மா. இவளக் கட்டிக்கப் போறவன் பாவம், டப்பாவ வச்சுக்கிட்டு என்ன பண்ணுவானோ.”

அவள் குட்டை. அகலமான உள்ளங்கை. இழுத்துப் பின்னிய சடையும், வாயில் எப்போதும் ஒரு கறுப்புக் கொண்டை ஊசியுமாக வருவாள். ஆட்டம் தொடங்கும் முன் அந்த ஊசியை எடுத்து நெற்றிமுடியில் குத்திக்கொண்டால், அதற்குப் பிறகு அவள் வேறு ஆள். கை தோளிலிருந்து முழு வட்டம் சுற்றி இடுப்போரம் வரும்போது பந்து கிளம்பும். சட்டையில் முன்கை உரசும் ஒரு சத்தம் மட்டும் எனக்குக் கேட்கும், அடுத்த கணம் பந்து என் கையுறைக்குள் இருக்கும். உள்ளங்கை வீங்காமலிருக்கக் கையுறைக்குள் பாத்திரம் தேய்க்கும் பஞ்சை வெட்டி வைத்திருந்தேன். மாதத்துக்கு ஒரு பஞ்சு தீர்ந்தது. மாலை வெயில் எதிரே அடிக்கும்போது என் விரல்கள் அவளுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் அலுவலகத்திலிருந்து எழுத்துப்பிழை அழிக்கிற வெள்ளை மைப் புட்டியை எடுத்து வந்து நகங்களில் பூசிக்கொள்வேன். திங்கட்கிழமை காலையில் அந்த வெள்ளை நகங்களோடுதான் வேலைக்குப் போவேன். என் மேலதிகாரி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, பயந்திருக்கலாம்.

ஒரு தீபாவளி நினைவுக்கு வருகிறது. குழுவில் நாங்கள் மூன்று பேர் இந்துக்கள். மூன்று வீட்டுக்கும் அவளைக் கூப்பிட்டிருந்தோம். ஈசூனில் என் வீடு மூன்றாவது. நான் மட்டன் பிரியாணியைத் தட்டு நிறைய வைத்தேன். சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி வைத்தேன். சாப்பிட்டாள். பாயசம் கொடுத்தேன், அதையும் குடித்தாள். வழியனுப்பிவிட்டுக் குப்பை கொட்டக் கீழே இறங்கினால், எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சாக்கடை ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

“ஏண்டி, வயிறு நிறைஞ்சிருந்தா சொல்ல வேண்டியதுதானே?”

“நீங்க ஆசையா வச்சீங்கக்கா.”

அதை ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நான்தான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தேன். அன்றைக்கே எனக்கு அவளைப் புரிந்திருக்க வேண்டும் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பொய் எதற்கு? அன்றைக்கே புரிந்துவிட்டது. இவளிடம் எதைக் கேட்டாலும் கிடைக்கும் என்று புரிந்துகொண்ட பிறகு நானும் கேட்க ஆரம்பித்தேன். என் கவசப்பையை அவள் தூக்கி வருவாள். பயிற்சிக்கு நான் தாமதமானால் என் பெயரில் அவள் திட்டு வாங்குவாள். நான் கெட்டவள் இல்லை. வசதியான ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் மனிதர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன், அவ்வளவுதான்.

நாங்கள் ஆடிய கடைசி வருடம், எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா என் முழங்காலுக்குக் கீழே இருந்த காயங்களைப் பார்த்துவிட்டு, “இனிமே இதெல்லாம் வேணாம்மா” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னாலும் அது உத்தரவுதான் என்று எல்லாருக்கும் தெரியும். ஏழு வருடத்தில் நாங்கள் ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை. அந்த வருடம் கடவுள் புண்ணியத்தில் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். அது எனக்குக் கடைசி ஆட்டம் என்பதை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

“ஜெயிச்சுரலாம்கா,” என்றாள்.

அந்த ஆட்டத்துக்கு இன்னொரு விசேஷமும் இருந்தது. பெர்த் நகரத்திலிருந்து ஒரு கிளப்பின் ஆள், பெரிய தொப்பி வைத்த வெள்ளைக்காரப் பெண்மணி, அவளைப் பார்ப்பதற்கென்றே வந்து உட்கார்ந்திருந்தார். பிடித்திருந்தால் ஒரு பருவம் முழுக்கச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வார்களாம். அதுவரை எங்களில் யாரும் பந்து வீசுவதை வேலையாகச் செய்ததில்லை. எல்லாரும் அலுவலகத்திலோ பள்ளியிலோ நாளைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மைதானத்துக்குக் கொண்டுவருகிறவர்கள்தான்.

இனிமேல் சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் கணவருக்குக்கூடத் தெரியாது.

அந்த வாரம் பயிற்சி முடிந்து ரயிலில் சேர்ந்து வந்தபோது அவள் மேலே இருந்த பிடியை இடது கையால் பிடித்திருந்தாள். அவள் வலக்கைக்காரி. புதன்கிழமை சடையை அவிழ்த்துப் பின்னும்போது பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு ரப்பர் போட்டுக்கொண்டாள். இறுதி ஆட்டத்தன்று பந்து போட்டுக் கையைச் சூடாக்கும்போது, பத்தடி தள்ளியிருந்தும் கோடாலித் தைலம் மூக்கைத் துளைத்தது. கழுத்திலிருந்து முழங்கை வரைக்கும் பூசியிருப்பாள் போலிருக்கிறது. எனக்குத் தெரிந்துவிட்டது. ரைஸ் போடும்போதுதான் தோள் அதிகம் இழுபடும் என்பதும் தெரியும். நான் கேட்காமல் விட்டால் அவளாகப் போடமாட்டாள் என்பதும் தெரியும். ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல் என்று மாற்றி மாற்றிக் காட்டி ஆட்டத்தை ஓட்டியிருக்கலாம்.

ஏழு சுற்றில் ஆறு வரை அப்படித்தான் ஓட்டினேன். ஆனால் எதிரணிக்காரிகள் அந்த மூன்றையும் அடித்தார்கள். ஒரே ஓர் ஓட்டம்தான் எங்களுக்கு அதிகம். கடைசிச் சுற்றுக்கு முன்னால் கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஓரத்தில் ஒரு மலாய்ப் பெண், எங்கள் மாற்று ஆள், கையைச் சூடாக்கிக்கொண்டு தயாராக நின்றாள்.

“அவ கை ஓகேயா? அவகிட்ட கேட்டா ஓகேன்னுதான் சொல்லுவா. அதனாலதான் உன்கிட்ட கேக்கறேன்,” என்றார் ஆங்கிலத்தில்.

கோச்சுகள் கேட்சரிடம்தான் இதைக் கேட்பார்கள். வீசுகிறவளின் கையைப் பற்றி அவளைவிடக் கேட்சருக்குத்தான் அதிகம் தெரியும். அதுவும் எங்கள் வேலையில் ஒரு பகுதி.

“ஓகே, கோச்,” என்றேன்.

அவளிடம் போனேன். தைலம் கண்ணை எரித்தது. பேருக்குக் கேட்டேன்.

“கை எப்படி இருக்கு?”

“சரியா இருக்குக்கா.”

திரும்பி வந்து குந்தினேன். நான்கு விரலைக் காட்டினேன்.

மூன்று முறை தவறவிட்டால் ஓர் ஆள் அவுட், மூன்று பேர் அவுட்டானால் ஆட்டம் எங்களுக்கு. முதல் ஆள் காற்றை அடித்துவிட்டுப் போனாள். இரண்டாவது ஆளுக்கும் நான்கு விரல்தான். ஒவ்வொரு பந்தும் முந்தையதைவிடக் கொஞ்சம் தாழ்வாக வந்தது. போட்டு முடித்ததும் அவள் வலது கட்டைவிரலைக் கால்சட்டை இடுப்பில் செருகிக் கையைத் தொங்கப் போடாமல் பார்த்துக்கொண்டாள். அதையும் பார்த்தேன். இரண்டாவது ஆளும் போய்விட்டாள். கடைசி ஆள் வந்து நின்றாள். அரங்கத்தில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். நான் மறுபடியும் நான்கு விரலைக் காட்டினேன், வெள்ளை நகங்கள் நன்றாகத் தெரிய.

அவள் என் விரல்களை வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் பார்த்தாள். ஒரு விநாடி, அல்லது இரண்டு. தலையை ஆட்டப்போகிறாள் என்றே நினைத்தேன். ஆட்டினால் விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். அவள் ஆட்டவில்லை. நானும் விரலை மடக்கவில்லை.

மூன்று முறை அப்படி. மூன்றாவது பந்து கிளம்பும்போது அவள் வாயிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது, கதவிடுக்கில் விரல் மாட்டினால் வருமே அது மாதிரி. மட்டை காற்றை வெட்டியது. பந்து என் கையுறையில் இருந்தது. நான் கூண்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் இடது கையால் என் முதுகைத் தட்டினாள். பரிசளிப்புப் படத்தில் கோப்பையின் ஒரு காதை நான் பிடித்திருக்கிறேன். மறு காதை அவள் பிடித்திருக்க வேண்டும், ஆனால் வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள்.

தொப்பிக்காரப் பெண்மணிக்கு அவளைப் பிடித்துவிட்டது. செய்தித்தாளில் ஒரு சின்னச் செய்தி வந்தது. அவளுடைய அப்பா அதை வெட்டி மாதா படத்துக்கு அடியில் செருகி வைத்தார். விமான நிலையத்துக்குக் கோவில் பங்கு மக்களே திரண்டு வந்திருந்தார்கள். ஃபாதர் அவள் வலது கையில் சிலுவை போட்டு ஆசீர்வதித்தபோது நான் காப்பி வாங்கப் போவதுபோல அந்தப் பக்கம் போய்விட்டேன்.

பெர்த்தைப் பற்றி அவள் பிறகு சொன்னது ஒரே ஒரு கதைதான். நாம் சரி என்று சொல்லத் தலையை லேசாக இரு பக்கமும் சாய்ப்போமில்லையா, அங்கிருந்த கேட்சர் பெண் அதை மறுப்பு என்று நினைத்துவிட்டாளாம். இவள் தலையைச் சாய்க்க, அவள் விரலை மாற்ற, இவள் மறுபடி சாய்க்க, அவள் மறுபடி மாற்ற, நடுவர் வந்து இருவரையும் சத்தம் போட்டாராம். அப்புறம் மேலும் கீழுமாகத் தலையாட்டக் கற்றுக்கொடுத்தார்களாம். கேட்டவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கோ, அதைக் கற்றுக்கொள்ளும்வரையாவது அந்தக் கைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்குமே என்றுதான் தோன்றியது.

அக்டோபரில் போனவள் கிறிஸ்துமஸுக்கு முன்பே திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்துவிட்டாய் என்று கேட்டவர்களிடம், “அங்க வெயில் ஒத்துக்கல,” என்றாள். சிங்கப்பூர்க்காரி வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. அவள் வேலையாகப் பந்து வீசியது அந்தச் சில வாரங்கள்தான். அதன் பிறகு அவள் பந்தைத் தொட்டதாகத் தெரியவில்லை.

தோளில் அறுவை சிகிச்சை செய்தார்கள். நான் பார்க்கப் போகவில்லை. கல்யாண வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கல்யாணத்துக்கு அவள் வந்தாள், கையைத் தாங்கும் துணிக்கட்டை முந்தானையால் மூடிக்கொண்டு. மண்டபத்தில் யாரோ ஓர் அத்தை, “இந்தாம்மா, சீர்த்தட்டக் கொஞ்சம் தூக்கிக்கிட்டு வா,” என்றார். அவள் “சரி ஆன்ட்டி” என்று இடது கையால் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். நான் மணமேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயர் என்னைக் குனியச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் அவளைத் தவிர்த்தேன். சிங்கப்பூர் சின்ன ஊர் என்று சொல்வார்கள். மனம் வைத்தால் இங்கேயும் ஒருவரைப் பதினாறு வருடம் பார்க்காமல் இருக்க முடியும்.

போன மாதம் சமையலறை அலமாரிக்கு ஒரு கீல் வாங்க ஜாலான் புசாருக்குப் போனேன். இரும்புச் சாமான் கடைக்குள் நுழைந்தால் கல்லாவுக்குப் பின்னால் அவள். நரை விழுந்திருந்தது. வாயில் அதே கறுப்பு ஊசி. என்னைப் பார்த்ததும் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

“அக்கா! நல்லா குண்டாயிட்டீங்க லா!”

நான் கேட்ட கீல் மேல்தட்டில் இருந்தது. கொக்கி வைத்த ஒரு நீளக் கம்பை இடது கையால் எடுத்து அந்தப் பெட்டியை இழுத்தாள். பழகிய வேலை, கண்ணை மூடிக்கொண்டே செய்வாள் போலிருந்தது. வலது கை மேசை மேலேயே கிடந்தது.

முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பக்கத்துக் காப்பிக்கடைக்கு என்னை அழைத்துப் போனாள். பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். அவளுக்கு ஒரு மகள், உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். அப்பா தவறிவிட்டார். டப்பாக்கள் இன்னும் இருக்கின்றனவாம். “புதுசா வேற வாங்கிட்டேன்கா,” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் எதற்காகவோ கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு சொல்லிவிட்டேன்.

“அன்னிக்கு ஃபைனல்ல உனக்குக் கை வலின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நாலு காட்டினேன். கோச் கேட்டாரு. ஓகேன்னு சொல்லிட்டேன்.”

அவள் அதிர்ச்சியாவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதால் என்ன சொல்வது, திட்டினால் என்ன சொல்வது என்று வருடக்கணக்காக யோசித்து வைத்திருந்தேன். அவள் தேநீரை ஊதிக் குடித்தாள்.

“உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்கா. அதுக்குத்தானே தைலம் போட்டேன்.”

“எதுக்கு?”

“டாக்டர் தைலமெல்லாம் தேய்க்கக் கூடாதுன்னுதான் சொன்னாரு. மாத்திரைதான் கொடுத்தாரு. நீங்க கிட்டத்துல வருவீங்க, வாசம் வரும், வந்தா நீங்களே நாலு காட்ட மாட்டீங்கன்னு போட்டேன். உங்க கடைசி மேட்ச் வேற. வாயால எப்படிக்கா சொல்றது?”

எந்த பஸ் பிடித்து வந்தேன் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். குரலில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள எனக்கும் ஏதாவது கிடைத்திருக்கும். நான்கு வருடத்தில் ஒருமுறைகூட அவள் மறுத்ததில்லை என்று இவ்வளவு காலம் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் மறுத்திருக்கிறாள். கழுத்திலிருந்து முழங்கை வரைக்கும் பூசிக்கொண்டு வந்து, எனக்கு எதிரில் நின்று, அவளால் முடிந்த ஒரே வழியில் மறுத்திருக்கிறாள்.

மேசைக்குக் குறுக்கே அவளுடைய வலது கையைப் பிடித்தேன். அது சில்லென்றிருந்தது.

“என்னை மன்னிச்சிரும்மா.”

“சரிக்கா,” என்றாள் உடனே, தலையை லேசாகச் சாய்த்து.

ஒரு கணம் அப்பாடா என்றிருந்தது. மார்பிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கடைக்குத் திரும்ப வேண்டும் என்று அவள் எழுந்தாள். இடது கையால் என் கீல் பையை எடுத்துக் கொடுத்தாள். வீட்டுக்கு ஒருநாள் வா என்றேன். அதற்கும் சரிக்கா என்றாள்.

ஈசூன் போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. எப்போதும் தெரியப்போவதும் இல்லை. நான் கேட்டேன், அவள் கொடுத்தாள். நான் கேட்டு அவள் கொடுக்காதது எதுவுமே கிடையாது.